நாற்பத்தாறாவது மணித்தியாலம்

ஹொக்கி முகாமில் மகனின் ஆட்டத்தைப் பார்க்காமல் கைமணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டு நின்ற தகப்பன் நானாகத்தான் இருப்பேன். 2021 செப்டெம்பர், ஒரு ஞாயிற்றுக்கிழமை, காலை 11.30. வெள்ளிக்கிழமை ஒன்றரைக்கு அவன் பதிந்துவிட்டு உள்ளே போனவன். 46 மணித்தியாலம் ஆகிவிட்டது. சாப்பாட்டு மண்டபத்துக்குள் போய், பாதித் தட்டு பாஸ்தாவோடு இருந்தவனை "எழும்பு தம்பி, போவம்" என்று கூட்டிக்கொண்டு வந்துவிட்டேன். பின்னேரம் இரண்டு மணிக்குத்தான் முகாமின் கடைசி ஆட்டம். பயிற்சியாளர்கள் எல்லாரும் மேலே இருந்து பார்க்கும் ஆட்டம். அந்த நேரம் நாங்கள் 401 நெடுஞ்சாலையில். ரொறன்ரோவுக்குப் பக்கத்தில் மார்க்கம் நகரில் உள்ள எங்கள் வீட்டுக்கு வந்து சேரும்வரை அவன் என்னோடு ஒரு வார்த்தை கதைக்கவில்லை.

ஹொக்கி தெரியாதவர்களுக்கு இது பைத்தியக்காரத்தனமாகத் தெரியும். அன்றைய நிலைமை இதுதான்: ஒன்ராறியோவில் நன்றாக விளையாடும் பிள்ளைக்கு 16 வயதில் இரண்டு பாதை. ஒன்று ஓ.எச்.எல்., அதாவது ஒன்ராறியோ ஹொக்கி லீக். அதையும், மேற்கிலும் கியூபெக்கிலும் உள்ள அதே தர லீக்குகளையும் சேர்த்து சி.எச்.எல்., கனடிய ஹொக்கி லீக், என்பார்கள். வட அமெரிக்காவின் உச்சத் தொழில்முறை லீக்கான என்.எச்.எல்.லின் அணிகள் ஆள் பிடிக்க முதலில் போய் நிற்கும் இடம் அது. மற்றப் பாதை, ஒரு படி கீழே ஜூனியர் ஏ லீக்கில் ஆடி, 19, 20 வயதில் அமெரிக்கப் பல்கலைக்கழக அணி ஒன்றுக்குப் போவது. இரண்டையும் தொட முடியாது. சி.எச்.எல்.லில் பிள்ளைகளுக்கு மாதக் கைச்செலவு கொடுப்பார்கள், என்.எச்.எல். ஒப்பந்தம் எழுதியவர்களும் அங்கே ஆடுவார்கள். அதனால் கல்லூரி விளையாட்டை நடத்தும் என்.சி.ஏ.ஏ. அதைத் தொழில்முறை லீக் என்றே கணக்கெடுத்தது. அங்கே போய் ஆடினால், அது வெறும் முன்னோட்ட ஆட்டமாக இருந்தாலும், கல்லூரிக் கதவு சாத்திவிடும். அணியின் முகாமுக்கு மட்டும் போகலாம், அதுவும் அணி செலவைக் கொடுத்தால் 48 மணித்தியாலம்தான். அதனால்தான் அந்த மணிக்கூடு.

அந்த வருடம் யூனில்தான் ஓ.எச்.எல். தெரிவு, அதாவது அணிகள் சுற்றுச் சுற்றாகப் பிள்ளைகளின் பெயரை எடுக்கும் நாள், நடந்தது. கோவிட்டால் அதற்கு முந்திய பருவத்தில் எங்கள் பக்கம் ஒழுங்கான ஆட்டங்களே இல்லை. 15 சுற்றில் இவன் பெயர் 12ஆம் சுற்றில் வந்தது. வீட்டில் கேக் வெட்டினோம். அடுத்த நாள் காலை மனைவி கேட்ட முதல் கேள்வி: "அப்ப படிப்பு?" நியாயமாகச் சொன்னால், ஓ.எச்.எல்.லும் ஆடிய ஒவ்வொரு பருவத்துக்கும் ஒரு வருடப் படிப்புக்கு உதவித்தொகை தரும். அதைச் சொல்லியும் பார்த்தேன். எடுபடவில்லை. உண்மையில் எனக்கே எடுபடவில்லை. கேல் மக்காரின் பெயரை வீட்டில் தேவாரம் போல ஓதிக்கொண்டு திரிந்த காலம் அது. சி.எச்.எல்.லின் மேற்கு லீக்கில் உள்ள மெடிசின் ஹாட் அணி தெரிவு செய்தும் அங்கே போகாமல், அல்பேர்ட்டாவில் புரூக்ஸ் என்ற சின்ன ஊரில் ஜூனியர் ஏ ஆடி, மசாசூசெட்ஸ் பல்கலைக்கழகத்துக்குப் போய், 2019இல் கல்லூரி ஹொக்கியின் உச்ச விருதான ஹோபி பேக்கரை வாங்கியவர். என் மகன் மக்கார் இல்லை என்பது எனக்குத் தெரியும். மகனுக்கும் தெரியும். ஆனாலும் ஓதினேன்.

பிறகு இரண்டு பருவம் ஒன்ராறியோ ஜூனியர் ஏ. கல்லூரிப் பயிற்சியாளர்கள் ஒரு பிள்ளையோடு பேசத் தொடங்கலாம் என்ற நாள் 10ஆம் வகுப்பின் ஜனவரி முதலாம் திகதி. அன்றைக்கு ஒரு அழைப்பும் வரவில்லை. 11ஆம் வகுப்புக்கு முந்திய ஓகஸ்ட் முதலாம் திகதியில் இருந்து இடம் தருகிறோம் என்றும் சொல்லலாம். அன்றைக்கும் இல்லை. எங்களிடம் காசு வாங்கிய ஆலோசகர் ஒருவர் "ஆறு பள்ளிக்கூடம் கேட்குது" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். அந்த ஆறில் ஒன்றின் பெயரையும் கடைசிவரை நான் கேள்விப்படவில்லை. முதல் உண்மையான அழைப்பு 2022 டிசெம்பரில் வந்தது, நியூயோர்க் மாநிலத்தின் வடக்கே உள்ள ஒரு பல்கலைக்கழகத்தில் இருந்து. இன்னொரு வருடம் ஜூனியர் ஆடிவிட்டு 2024இல் வா என்றார்கள். வாய்ச்சொல் சம்மதம்தான். இரண்டு பக்கத்தையும் அது கட்டுப்படுத்தாது என்பதை நான் பிறகுதான் படித்துத் தெரிந்துகொண்டேன். அதைத் தெரியாமலே சொந்தக்காரருக்கெல்லாம் போன் அடித்து முடித்திருந்தேன்.

அந்த ஒரு வருடத்துக்கு அவன் பிரிட்டிஷ் கொலம்பியா போனான். யாரென்றே தெரியாத ஒரு குடும்பத்தின் கீழ்வீட்டில் ஓர் அறை, மாதாமாதம் எங்கள் காசு. மனைவி வறுத்த அரிசிமாவும் கறித்தூளும் பெட்டி கட்டி அனுப்புவார். கறித்தூள் பை ஒருமுறை வழியில் வெடித்து, அவனுடைய புதுக் கையுறை பருவம் முடியும்வரை மணத்தது. ஹொக்கிக் கையுறையின் மணம் தெரிந்தவர்களுக்கு, அது முன்னேற்றம் என்று விளங்கும்.

கடதாசி வேலையைப் பற்றி யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. என்.சி.ஏ.ஏ.யின் தகுதி மையம் 9ஆம் வகுப்பில் இருந்து 16 அடிப்படைப் பாடங்களைப் பார்க்கும். கல்லூரி விளையாட்டின் மேல்மட்டமான முதற்பிரிவுக்கு அவற்றில் சராசரி நாலுக்குக் குறைந்தது 2.3 வேண்டும். எந்தெந்த அணியில் ஆடினாய், யார் செலவழித்தது என்று ஒரு நீளமான கேள்விக்கொத்தும் உண்டு. அதில் 2021 முகாமை எழுதும்போது எனக்குக் கை நடுங்கியது. நல்லகாலம், முகாமுக்குப் போய்த் தங்கிய விடுதியின் கடிதத்தையும் வந்துபோன நேரத்தையும் கோப்பில் வைத்திருந்தேன். உங்கள் பிள்ளை இந்தப் பக்கம் போகிறது என்றால், ஒரு கோப்பு வாங்கி 9ஆம் வகுப்பிலேயே தொடங்குங்கள்.

கனடியக் குடியுரிமை இருந்தால் அமெரிக்க மாணவர் விசா முத்திரை தேவையில்லை. ஆனால் மாணவனாகச் சேர்த்ததற்குப் பல்கலைக்கழகம் தரும் ஐ-20 பத்திரமும், வெளிநாட்டு மாணவர் பதிவுக்கான 350 டொலர் செவிஸ் கட்டணம் கட்டிய பற்றுச்சீட்டும் கையில் இருக்கவேண்டும். தவுசண்ட் ஐலண்ட்ஸ் பாலத்தடியில் அதிகாரி பத்திரங்களைப் புரட்டிவிட்டு, எந்த இடத்தில் ஆடுகிறாய் என்று கேட்டார். தடுப்பு, இடப்பக்கம் என்றான். பின்னுக்குக் கிடந்த மட்டைகளைக் காட்டி, ஒன்று என்ன விலை என்று என்னைக் கேட்டார். முன்னூற்றைம்பது என்றேன். தலையை ஆட்டிவிட்டு முத்திரை குத்தினார்.

முதல் ஒன்பது ஆட்டத்துக்கும் அவன் கோட்டும் சூட்டும் போட்டு மேலே பார்வையாளர் இருக்கையில். அணியில் எட்டாவது தடுப்பாட்டக்காரனுக்கு அதுதான் இடம். வெள்ளி, சனி இரண்டு நாளும் ஆட்டம். வியாழன் பின்னேரம் பெயர்ப்பட்டியல் ஒட்டுவார்கள். வியாழனில் போன் வந்தால் குரலைக் கேட்டே முடிவு தெரிந்துவிடும். 2024 நவம்பர் 7, அதுவும் ஒரு வியாழன். பட்டியலில் பெயர் இல்லை. அதைவிடப் பெரிய செய்தி ஒன்று சொன்னான். அடுத்த ஓகஸ்ட் முதலாம் திகதியில் இருந்து சி.எச்.எல். வீரர்களும் கல்லூரியில் ஆடலாம் என்று என்.சி.ஏ.ஏ. அன்றைக்கு வாக்களித்துவிட்டதாம். அதற்கு மூன்று மாதம் முன், 2024 ஓகஸ்டில், பஃபலோ நீதிமன்றத்தில் ஒரு வழக்குப் போடப்பட்டிருந்தது. 16 வயதில் இரண்டே இரண்டு முன்னோட்ட ஆட்டம் ஆடித் தகுதியிழந்த ஃபோர்ட் ஈரி இளைஞன் ஒருவன் போட்டது. இரண்டு ஆட்டம்! நான் மணிக்கூட்டைப் பார்க்காமல் விட்டிருந்தால் அது என் மகனாகவும் இருந்திருக்கலாம்.

அன்றிரவு எனக்கு நித்திரை இல்லை. எதற்காக அவனைப் பாதிச் சாப்பாட்டில் எழுப்பினேனோ அந்த விதியே போய்விட்டது. போதாக்குறைக்கு, ஓ.எச்.எல்.லில் நாலு பருவம் அடிபட்டு முறுகிய பிள்ளைகள் இனி இவனுடைய இடத்துக்கே வருவார்கள். 2025இல் அவன் அணியில் 26 பேருக்கு மேல் வைக்க முடியாது என்றும் வந்தது. மெடிசின் ஹாட்டில் ஆடிய, என்.எச்.எல். தெரிவில் முதலாவதாக வருவார் என்று பேசப்பட்ட கவின் மெக்கென்னாவே பென் ஸ்டேட் பல்கலைக்கழகத்துக்குப் போனார். மெடிசின் ஹாட், மக்கார் போகாத அதே ஊர். என் தேவாரம் பழசாகிவிட்டது. மனைவிக்கு மட்டும் ஒரு கவலையும் இல்லை. கல்லூரியில் முழு முகக்கவசம் கட்டாயம், சண்டை பிடித்தால் ஆட்டத்தில் இருந்தே வெளியே. அவருக்கு அது போதும்.

நவம்பர் கடைசியில் ஒருவனுக்குக் கணுக்கால் பிசகி, இவன் பெயர் பட்டியலில் ஏறியது. அந்தப் பருவம் 14 ஆட்டம், கோல் இல்லை, மூன்று அசிஸ்ட், அதாவது மற்றவர் கோல் போடக் கொடுத்த பந்துமாற்றம் போன்ற உதவி. இரண்டாம் வருடமும் 26இல் ஒருவனாக நிற்கிறான். அவ்வளவுதான் இப்போதைக்கு.

2025 செப்டெம்பரில் அவனைக் கொண்டுபோய் விட்டபோது உடுப்பறை வாசலில் ஒரு உயர்ந்த பையன் வந்து கை கொடுத்தான். ஓ.எச்.எல்.லில் இருந்து புதிதாக வந்தவன், அதே 2021 முகாமில் இவனுக்குப் பக்கத்துக் கதிரை. அன்றைக்குப் பாஸ்தாவை விட்டுவிட்டு ஏன் ஓடினாய் என்று அவன் கேட்க, மகன் சிரித்துக்கொண்டு என்னைக் காட்டினான்.