மூச்சு வாங்கினால்தான் நடை

பக்கவாதம் வந்த வீட்டில் எல்லோர் கண்ணும் கை கால் மேலேயே இருக்கும். விரல் மடங்குகிறதா, கால் தூக்க வருகிறதா? எனக்கு இடது பக்கம் இழுத்துக்கொண்டு, ஆஸ்பத்திரி போய்த் திரும்பிய பிறகும் அதே கதைதான். எண்ணெய் தேய்க்க ஒரு ஆள், யோசனை சொல்ல நாலு ஆள். புறா ரத்தம் தடவினால் சரியாகும் என்று மச்சான் ஒரு புறாவையே பிடித்துக்கொண்டு வந்துவிட்டார். பறக்க விடச் சொன்னேன்.

மூச்சைப் பற்றி யாரும் கேட்கவில்லை. கால் ஓரளவு தேறிக் கம்பு ஊன்றி வாசல் வரை போக வந்தது. போய் நின்றால் பேச்சு வராது, அவ்வளவு இரைப்பு. வலுவில்லாத காலைப் பக்கவாட்டில் வீசி வீசி நடக்கிறவனுக்கு அதே தூரத்துக்குத் தெம்பு அதிகம் செலவாகும். படுக்கையில் கிடந்ததில் இருந்த தெம்பும் கரைந்திருக்கும். வரவு குறைந்து செலவு கூடினால் என்ன ஆகும் என்று தபால் ஆபீஸ் சேமிப்புக் கவுண்டரில் உட்கார்ந்து ரிட்டயர் ஆனவனுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

அதற்காக விழுந்த அன்றே ஓட விடுவதும் ஆகாது. "இன்னைக்கே எந்திரிக்க வைங்க" என்று ஒரு சொந்தக்காரர் வார்டிலேயே மல்லுக்கு நின்றார். 2015-ல் லான்செட் மருத்துவ இதழில் வந்த அவெர்ட் என்ற ஆய்வை, எனக்குப் பயிற்சி கொடுக்கும் பிசியோதெரபி தம்பி பின்னால் செல்போனில் காட்டினார். 2,104 நோயாளிகள். முதல் 24 மணி நேரத்துக்குள் எழுப்பி, அடிக்கடி நடமாட வைத்தவர்களில் மூன்று மாதத்தில் நன்றாகத் தேறியிருந்தவர்கள் 46 சதவீதம். வழக்கமான கவனிப்பில் இருந்தவர்களில் 50.

நிலைமை சீரான பிறகுதான் தம்பி என்னை மூச்சு வாங்க வைத்தார். மகள் வாங்கித் தந்த, நாடி பார்க்கும் வாட்ச் என் விஷயத்தில் உதவவில்லை. பிரஷருக்குப் போடும் மெட்டோப்ரோலால் மாத்திரை நாடியை ஏறவிடாது. அதனால், எவ்வளவு சிரமமாக இருக்கிறது என்று நாமே எண்ணில் சொல்வதற்குக் குன்னார் போர்க் என்ற ஸ்வீடன்காரர் வகுத்த அளவுகோல். 6 என்றால் சும்மா உட்கார்ந்திருப்பது, 20 என்றால் இதற்குமேல் முடியாது. 6-ல் தொடங்குவது ஏன் என்றால், பத்தால் பெருக்கினால் ஏறத்தாழ ஒரு இளவட்டத்தின் நாடித் துடிப்பு வரும். எனக்கு விதித்தது 11-லிருந்து 14 வரை. என் வீட்டுக்காரி அளவு இன்னும் சுலபம்: "எங்கூடச் சண்டை போட முடியுதுன்னா இன்னும் கொஞ்சம் வேகமா நடங்க."

காலுக்கு வலு சேர்க்க நாற்காலியில் உட்கார்ந்து எழுவது. பிளாஸ்டிக் நாற்காலி வழுக்கும். மர நாற்காலியைச் சுவரோடு அண்டக் கொடுத்திருக்கிறேன். பாதங்களைப் பின்னுக்கு இழுத்து, மூக்கு கால்விரலுக்கு நேரே வரும்வரை குனிந்து எழ வேண்டும். உடம்பு இருக்கிறதே, பெரிய கள்ளன். பாரத்தையெல்லாம் நல்ல கால்மேலேயே ஏற்றிவிடும். நல்ல காலைக் கொஞ்சம் முன்னால் தள்ளி வைக்கச் சொன்னார் தம்பி. அப்புறம் இடது தொடை வெடவெடவென்று ஆடியதைப் பார்க்க வேண்டுமே! மூச்சைப் பிடித்தால் பிரஷர் ஏறும் என்பதால் வாய்விட்டு எண்ணுவேன். நான் திணறும்போது அடுத்த எண்ணைப் பக்கத்து வீட்டுப் பொடியன் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து சொல்வான்.

இதெல்லாம் வீண் வேலை என்பவர்களுக்கு: பக்கவாதம் வந்தவர்களை வைத்துச் செய்த 75 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த, மருத்துவ ஆய்வுகளை எடைபோடும் காக்ரேன் அமைப்பின் 2020 தொகுப்பு, நெஞ்சுக்கும் மூச்சுக்குமான பயிற்சியால் நடை வேகமும் தள்ளாடாமல் நிற்பதும் தேறுவதாகச் சொல்கிறது. ஆயுள் கூடுமா என்று முடிவு சொல்லவில்லை. எனக்கு நடை போதும்.

ஆரம்பிக்கும் முன் டாக்டரைப் பார்த்துவிடுங்கள். நெஞ்சு வலித்தாலோ தலை சுற்றினாலோ உடனே நிறுத்திவிட வேண்டும். ஹவாய் செருப்பு கழன்று காலை வாரும், பின்வார் வைத்ததாக வாங்குங்கள்.

சாயங்காலத்தில் மாரியம்மன் தெப்பக்குளத்தைச் சுற்றுகிறேன். "இந்த வயசுல எதுக்கு சார், ரெஸ்ட் எடுக்கலாமே" என்கிறார்கள் தெரிந்தவர்கள். தலையை மட்டும் ஆட்டிவிட்டுப் போகிறேன். 13-ல் இருக்கும்போது விளக்கம் சொல்ல முடியாது.