இரண்டு பேரும் உண்மையைத்தான் சொன்னார்கள்

ராத்திரி 11 மணி, நல்ல மழை. புஷ்பேக்கில், அதாவது டக் என்கிற தள்ளு வண்டியால் பின்னால் தள்ளப்பட்ட ஒரு ஏ320 பயணிகள் விமானத்தின் இறக்கை நுனி, பக்கத்து பேயில் (விமானம் நிறுத்தும் இடத்தில்) நின்ற விமானத்தின் வாலில் உரசிக் கிழித்துவிட்டது. யாருக்கும் அடியில்லை. தரைப்பணி நிறுவனத்தில் பாதுகாப்புப் பிரிவுக்கு வந்து எட்டே மாதமான என்னையும் உள்விசாரணைக் குழுவில் போட்டார்கள்.

நான் ஓடிப் போய்ச் சேர்வதற்குள் தீர்ப்பே வந்திருந்தது: "டக் டிரைவர் கவனிக்கலை."

முதல் வேலையாக, காக்பிட் குரல் பதிவுக் கருவியின் சர்க்யூட் பிரேக்கரை இழுத்துவைக்கச் சொன்னோம். பெரும்பாலும் அதில் கடைசி 2 மணி நேரப் பேச்சுதான் இருக்கும். மின்சாரம் ஓடினால் பழையதன் மேல் புதியது ஏறிவிடும். அப்புறம் சக்கரங்கள் நின்ற இடத்தைக் குறிக்க வேண்டும். சாக்பீஸ் எடுத்துப் போயிருந்தேன். அந்த மழையில்! யாரோ ஸ்ப்ரே பெயின்ட் கொண்டுவந்து மானத்தைக் காப்பாற்றினார்கள்.

அளந்தபோது ஒரு முடிச்சு அவிழ்ந்தது. வாலில் அடிபட்டது ஏ321. கடைசி நிமிடத்தில் பே மாற்றி, ஏ320 வரை மட்டுமே அனுமதி உள்ள இடத்தில் அதை நிறுத்தியிருக்கிறார்கள். ஏ320 நீளம் 37.57 மீட்டர், ஏ321 44.51 மீட்டர். மூக்குச் சக்கரம் கோட்டில் சரியாக நின்றாலும் வால் கிட்டத்தட்ட 7 மீட்டர் கூடுதலாக நீட்டிக்கொண்டிருக்கும். டிரைவரோ தினமும் திருப்புகிற இடத்தில்தான் திருப்பியிருக்கிறார்.

சரி, இறக்கை நுனியோடு நடந்து சைகை காட்டுகிற விங் வாக்கர் ஏன் நிறுத்தவில்லை? டக்கில் உட்கார்ந்திருப்பவருக்கு இறக்கை நுனி பக்கவாட்டில் மட்டுமே 17-18 மீட்டர் தள்ளி இருக்கிறது. அவருக்குக் கண்ணே விங் வாக்கர்தான். அந்தப் பையன் அழாத குறையாக, "தலைக்கு மேல ரெண்டு விளக்குத் தடியையும் குறுக்கே பிடிச்சேன் சார், ஸ்டாப்னு" என்றான். டிரைவர் என்னைவிடப் பத்து வயது மூத்தவர். "க்ளியர்னுதான் தம்பி காட்டினான்" என்றார். ஒருவர் பொய் சொல்கிறார் என்றே குழுவில் பலரும் நினைத்தோம்.

அப்போது ஹனேடா விமான நிலைய விபத்து நினைவுக்கு வந்தது. 2024 ஜனவரி 2 அன்று டோக்கியோவில் தரையிறங்கிய ஏ350 பயணிகள் விமானம், ஓடுபாதையில் நின்ற கடலோரக் காவல்படை விமானத்தின் மீது மோதி, அதிலிருந்த ஐந்து பேர் இறந்தார்கள். ஏ350-இல் இருந்த 379 பேரும் தப்பினார்கள். கட்டுப்பாட்டு அறை 'நம்பர் ஒன்' என்றது, புறப்படும் வரிசையில் முதல் என்ற பொருளில். காவல்படை விமானி அதை ஓடுபாதைக்குள் போக அனுமதி என்று எடுத்துக்கொண்டார்.

அதனால் கேள்வியை மாற்றினேன். "அவன் என்ன காட்டினான்னு விடுங்கண்ணே. உங்க கண்ணுக்கு என்ன தெரிஞ்சது?"

யோசித்துவிட்டுச் சொன்னார்: "மேல ஒரு வெளிச்சம்."

ஒரு தடி மேலே, ஒரு தடி கீழே என்றால் க்ளியர், தள்ளலாம். பையனின் விளக்குத் தடிகளை வாங்கி அழுத்திப் பார்த்தேன். ஒன்று எரியவேயில்லை. மறுநாள் இரவு அதே பேயில் நான் டக்கில் ஏறி உட்கார்ந்து, அவனை அதேபோல் நிற்கச் சொன்னேன். சாய்வாக ஒற்றை வெளிச்சம்தான் தெரிந்தது. நானும் தள்ளிக்கொண்டே போயிருப்பேன்.

பேட்டரி கேட்டு அவன் எழுதிய சீட்டு ஸ்டோரில் கிடைத்தது. 19 நாளாகக் கையெழுத்துக்குக் காத்திருந்தது.