பின்தங்கும் குரோமோசோம்

பிப்ரவரி 3

காலையிலிருந்து நுண்ணோக்கி அறையில்தான் இருக்கிறேன். தட்டில் ஆர்பிஇ1 செல்கள், மனித விழித்திரையின் நிறமிப் படலத்திலிருந்து வந்த வகை. குரோமோசோம் பச்சையாக ஒளிர வேண்டும் என்பதற்காக டிஎன்ஏ சுற்றியிருக்கும் ஹிஸ்டோன் புரதத்தோடு ஜிஎஃப்பி என்ற ஒளிரும் புரதத்தைச் சேர்த்திருக்கிறோம். 37 டிகிரி சூடு, 5 சதவீத கார்பன் டை ஆக்சைடு. இது இரண்டும் சரியாக இருந்தால் ஒரு செல் முக்கால் மணி நேரத்துக்குள் பிரிந்து முடித்துவிடும். அதற்குள் 46 குரோமோசோம்களும் நடுக்கோட்டுக்கு வர வேண்டும். ஒவ்வொன்றிலும் ஒட்டியிருக்கும் இரண்டு நகல்களும், அதாவது குரோமாட்டிடுகளும், செல்லின் எதிரெதிர் துருவத்துக்குப் போக வேண்டும்.

ஒளியைக் கூட்டினால் படம் பளிச்சென்று வரும், ஆனால் செல் திணறும், பிரிவே நீண்டுபோகும். அதனால் ஒளியைக் குறைத்து, இரண்டு நிமிடத்துக்கு ஒரு படம் என்று வைத்திருக்கிறேன். படம் கொஞ்சம் மங்கலாக இருந்தாலும் பரவாயில்லை, செல் அதன் போக்கில் பிரிய வேண்டும்.

பிப்ரவரி 4

புதிதாகச் சேர்ந்த மாணவி திரையைப் பார்த்துவிட்டுக் கேட்டாள்: "மேடம், ஒண்ணைத் தவிர எல்லாம் நடுவுல வந்துடுச்சே. அந்த ஒண்ணுக்காகவா செல் இவ்வளவு நேரம் நிக்குது?"

ஆமாம், அந்த ஒன்றுக்காகத்தான். குரோமோசோமின் இடுப்பில், சென்ட்ரோமியர் என்ற பகுதியின் மேல், கைனெட்டோகோர் என்ற புரதக் கட்டமைப்பு இருக்கிறது. குரோமோசோம்களை இழுக்கும் கட்டமைப்பான கதிர்கோலின் நுண்குழல்கள், அதாவது மெல்லிய புரதக் குழாய்கள், வந்து பற்றுவது அதைத்தான். நுண்குழல் பற்றாத கைனெட்டோகோர் சும்மா இருக்காது. மேட்2 போன்ற புரதங்களைத் தன்னிடம் இழுத்து, 'நில்' என்ற சைகையை அனுப்பிக்கொண்டே இருக்கும். அந்தச் சைகை இருக்கும்வரை செக்யூரின் என்ற புரதம் அழியாது. செக்யூரின் இருக்கும்வரை செபரேஸ் என்ற நொதி கட்டுண்டு கிடக்கும். இரண்டு குரோமாட்டிடுகளையும் சேர்த்துப் பிடித்திருக்கும் கோஹீசின் வளையத்தை வெட்டுவது செபரேஸ்தான். கடைசிக் கைனெட்டோகோரும் பற்றப்பட்ட பிறகுதான் தடை விலகுகிறது, அப்புறம் எல்லா ஜோடிகளும் ஏறத்தாழ ஒரே நேரத்தில் பிரிகின்றன.

1995-இல் கான்லி ரீடர் குழுவினர் செய்த சோதனையையும் சொன்னேன். நுண்குழல் பற்றாமல் எஞ்சியிருந்த கடைசிக் கைனெட்டோகோரை லேசரால் அழித்தார்கள். குரோமோசோம் இன்னும் இடத்துக்கு வரவில்லை, ஆனாலும் செல் அனாஃபேஸுக்குள், அதாவது ஜோடிகள் பிரியும் கட்டத்துக்குள், போய்விட்டது. அத்தனை நேரமும் செல்லை நிறுத்தி வைத்திருந்தது அந்த ஒரு புள்ளி. இதை எத்தனை தடவை சொன்னாலும் எனக்கு அலுப்பதில்லை.

பிப்ரவரி 6

படம் எடுக்கவில்லை. செல்கள் மிகவும் அடர்ந்துவிட்டன, புதுத் தட்டுகளுக்கு மாற்றியாயிற்று.

பிப்ரவரி 9

நோகோடசோல் என்ற மருந்தைக் கொடுத்தால் நுண்குழல்கள் கலைந்துவிடும். அதைக் கழுவி எடுத்தால் அவை மறுபடி வளரும், அந்த அவசரத்தில் தப்பான பிடிப்புகள் கூடும். நான் தேடுவது அந்தத் தப்பான பிடிப்பைத்தான்.

இன்று ஒன்று தெளிவாகக் கிடைத்தது. மெட்டாஃபேஸில், அதாவது எல்லாம் நடுக்கோட்டில் நிற்கும் கட்டத்தில், குறை சொல்ல எதுவுமில்லை, நேரான வரிசை. அனாஃபேஸ் தொடங்கியதும் இரண்டு பச்சைத் திரள்கள் விலகின. நடுவில் ஒரே ஒரு குரோமாட்டிட் தங்கிவிட்டது. அடுத்தடுத்த படங்களில் அதன் சென்ட்ரோமியர்ப் பகுதி இரண்டு பக்கமும் நீண்டு மெலிந்தது, குரோமாட்டிடின் கைகள் மட்டும் துவண்டு கிடந்தன. ஒரே கைனெட்டோகோரை இரண்டு துருவங்களும் பிடித்திருக்கின்றன. கயிறு இழுக்கும் போட்டியில் நடுவில் மாட்டிக்கொண்டது போல.

என்னை இத்தனை காலமாக இந்தத் துறையில் பிடித்து வைத்திருப்பது இதுதான். நுண்குழல் பற்றாத கைனெட்டோகோரைச் செல் விடவே விடாது. இந்தக் கைனெட்டோகோரிலோ நுண்குழல் இருக்கிறது, தேவைக்கு மேலேயே இருக்கிறது. அதனால் 'நில்' சைகை எழுவதில்லை. பற்றியிருக்கிறதா என்று செல் சரிபார்க்கிறது, சரியான பக்கம் பற்றியிருக்கிறதா என்பது அதே சோதனையில் தெரிவதில்லை.

பிப்ரவரி 10

அப்படியானால் தப்பான பிடிப்புகள் எப்படித் திருத்தப்படுகின்றன? இழுவிசையால்தான். புரூஸ் நிக்லஸ் 1969-இல் இதைக் காட்டினார். வெட்டுக்கிளியின் விந்தணுத் தாய்ச்செல்லுக்குள், மெல்லிய கண்ணாடி ஊசியால் குரோமோசோமைத் தொட்டு நகர்த்தினார். இரண்டு பக்கமும் ஒரே துருவத்தோடு மாட்டிக்கொண்ட ஜோடி சீக்கிரமே பிடியை விட்டுவிடும். அதையே ஊசியால் எதிர்ப்பக்கம் இழுத்துப் பிடித்தால், தப்பான பிடிப்பும் நிலைத்தது! விறைப்பு இருந்தால் பிடி நிற்கும், தளர்ந்தால் கழலும். கையால் செய்த இந்த ஒரு சோதனைக்கு ஈடாக இன்றைய பல பெரிய கருவிகளின் முடிவுகளைக்கூட நான் வைக்க மாட்டேன்.

பின்னால்தான் ஆரோரா பி என்ற நொதி இதில் முக்கியம் என்று தெரிந்தது. அது சென்ட்ரோமியரின் உள்பக்கம் இருந்துகொண்டு, விறைப்பில்லாத பிடிப்புகளைத் தளர்த்துகிறது. ஆனால் இரண்டு துருவமும் பிடித்த கைனெட்டோகோரில் விறைப்பும் இருக்கிறது. அதனால்தான் திருத்தம் மெதுவாக நடக்கிறது, சில சமயம் அனாஃபேஸுக்கு முன் முடிவதேயில்லை.

பிப்ரவரி 13

சரி, திருத்தத்துக்கு நேரம் கொடுத்தால்? எம்ஜி132 என்ற மருந்து செக்யூரின் அழிவதைத் தடுத்து, செல்லை மெட்டாஃபேஸிலேயே நிறுத்தும். பிறகு கழுவினால் அனாஃபேஸ் தொடரும். இப்படி நேரத்தை நீட்டினால் பின்தங்கும் குரோமோசோம்கள் குறைகின்றன என்று டேனியலா சிமினியும் கூட்டாளிகளும் 2003-இல் எலிக் கங்காருவின் சிறுநீரகச் செல்களில் காட்டினார்கள். எங்கள் தட்டுகளிலும் அதே திசையில்தான் தெரிகிறது. கோப்புகளின் பெயரை மாணவி மறைத்துத் தருகிறாள், எது எந்தத் தட்டு என்று தெரியாமல் நான் எண்ணுகிறேன். எண்ணி முடியாமல் சதவீதம் எதுவும் எழுத மாட்டேன்.

அதற்காக நேரத்தை இஷ்டத்துக்கு நீட்டவும் முடியாது. பல மணி நேரம் இழுபட்டால் கோஹீசின் பிடியே தளர்ந்து, குரோமாட்டிடுகள் முன்கூட்டியே விலகிவிடும்.

பிப்ரவரி 16

பின்தங்கியவை பெரும்பாலும் தாமதமாகவாவது சரியான பக்கம் போய்ச் சேர்ந்துவிடுகின்றன. ஆனால் சில, தனக்கென்று ஒரு குறுங்கருவை, அதாவது சிறிய தனி உட்கருவை, அமைத்துக்கொண்டு தனியே ஒதுங்குகின்றன. அந்தக் குறுங்கருவின் உறை நலிந்தது, உள்ளே இருக்கும் டிஎன்ஏ துண்டு துண்டாக உடைந்து ஒழுங்கில்லாமல் மறுபடி ஒட்டக்கூடும். புற்றுநோய்க் கட்டிகளில் இத்தகைய சிதறல்களைப் பார்க்கிறோம். குரோமோசோம்கள் ஏறுமாறாகப் பங்கிடப்படுவதே கட்டிக்கு வித்தாகலாம் என்று ஜெர்மன் உயிரியலாளர் தியோடர் போவேரி 1914-லேயே எழுதிவிட்டார், அதுவும் கடல் முள்ளெலியின் முட்டைகளைப் பார்த்துப் பெற்ற அறிவிலிருந்து. பாடப்புத்தகப் படங்களில் செல் பிரிவு எப்போதும் பிசகில்லாமல் முடிகிறது. ஒரு பின்தங்கிய குரோமோசோமையும் அதில் வரைந்து காட்ட வேண்டும் என்பது என் கருத்து.

பிப்ரவரி 18

அடுத்தது முடிவாகிவிட்டது. கைனெட்டோகோருக்கு ஒரு நிறம், நுண்குழலுக்கு இன்னொரு நிறம். நடுவில் தங்கும் குரோமாட்டிடை எந்தத் துருவம் தடிமனான கற்றையால் பிடித்திருக்கிறது, கடைசியில் அது அந்தப் பக்கமேதான் போகிறதா என்று செல் செல்லாக அளக்கப் போகிறோம். நாளை மாணவி புதுச் செல்களை விதைக்கிறாள்.