தண்ணீர் ஈரம் தராது: குளியலறையிலும் ஜக்கூஸியிலும் தம்பதிகள் கவனிக்க வேண்டியவை

நன்றாகக் கழுவிய எவர்சில்வர் தட்டை ஈரத்தோடு விரலால் தேய்த்துப் பாருங்கள். கீச்சென்று சத்தம் வரும், விரல் இழுபடும். தண்ணீருக்குள் உடலுறவு கொள்ளும்போது உடலிலும் இதுதான் நடக்கிறது. "தண்ணீர்தான் இருக்கிறதே, வழவழப்புக்கு என்ன குறை" என்று நினைத்துப் பல தம்பதிகள் இறங்குகிறார்கள். கிளர்ச்சியின்போது பெண்ணுடலில் சுரக்கும் திரவம் வழவழப்பானது. தண்ணீர் அதைக் கழுவி எடுத்துவிடும். மிஞ்சுவது வெறும் உராய்வு. யோனியின் உட்புறத் தோல் மென்மையானது என்பதால், கண்ணுக்குத் தெரியாத சிராய்ப்புகள் விழும். அப்போது எரிச்சல் லேசாகத்தான் இருக்கும். மறுநாள் சிறுநீர் கழிக்கும்போது சுள்ளென்று தெரியும். பால்வினைத் தொற்றுக் கிருமிகளுக்கும் அந்தச் சிராய்ப்புகள் வழிவிடுகின்றன.

அதனால் எங்கள் யோசனை எளிமையானது. சேர்ந்து குளியுங்கள், அணைத்துக்கொள்ளுங்கள், முதுகு தேய்த்துவிடுங்கள், எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் கொஞ்சிக்கொண்டிருங்கள். உடலுறவை மட்டும் துவட்டிக்கொண்டு கட்டிலுக்குப் போன பிறகு வைத்துக்கொள்ளுங்கள். இல்லை, தண்ணீரில்தான் வேண்டும் என்றால் வழவழப்பு தரும் லூப்ரிகன்ட் இல்லாமல் வேண்டாம்.

மெடிக்கல் ஷாப்பில் கிடைக்கும் லூப்ரிகன்ட் ஜெல்களில் பெரும்பாலானவை தண்ணீரை அடிப்படையாகக் கொண்டவை. கட்டிலில் நன்றாக உதவும் அவை ஷவருக்கு அடியில் கரைந்து ஓடிவிடும். தண்ணீரில் நிற்பது சிலிக்கோன் அடிப்படையிலான வகைதான். வாங்கும்போது லேபிளில் சிலிக்கோன் என்று இருக்கிறதா என்று பாருங்கள். உடம்பு நனைவதற்கு முன்பே அரை டீஸ்பூன் அளவு தடவிக்கொள்ள வேண்டும். நனைந்த தோலில் அது சரியாக ஒட்டாது. தரையில் ஒரு சொட்டு சிந்தினாலும் டைல்ஸ் கண்ணாடி போல வழுக்கும் என்பதால், ரப்பர் பாய் போட்ட பிறகே பாட்டிலைத் திறங்கள். நின்றபடி ஒருவர் மற்றவரைத் தூக்குவது, சோப்புக் காலோடு ஒற்றைக் காலில் நிற்பது இரண்டும் வேண்டாம். கை பிடித்துக்கொள்ளச் சுவரில் இறுக்கமாகப் பொருத்திய கம்பி இருக்கட்டும். துண்டு மாட்டும் கம்பி ஆள் எடையைத் தாங்காது.

தேங்காயெண்ணெய், பேபி ஆயில், வாசலின் பயன்படுத்தலாமா? ஆணுறை அணிவதாக இருந்தால் கூடவே கூடாது. எண்ணெய் பட்டால் ஆணுறையின் லேட்டெக்ஸ் ரப்பர் சில நிமிடங்களிலேயே வலுவிழந்து கிழியும். எண்ணெய் தேய்த்துக் குளிக்கும் நாளில் இதை மறந்துவிடுவது சுலபம். தலையில் எண்ணெய், கையில் எண்ணெய், அதே கையால் ஆணுறைப் பாக்கெட்டைப் பிரிப்பார்கள். அன்றைக்குக் குளித்து முடித்து, சீயக்காயோ ஷாம்பூவோ போட்டு எண்ணெய் முழுதாகப் போன பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

ஆணுறையைத் தண்ணீரில் இறங்குவதற்கு முன்பே, உலர்ந்த உடலில் அணிய வேண்டும். நனைந்த பிறகு அணிந்தால் உறைக்கும் தோலுக்கும் இடையில் தண்ணீர் புகுந்து, உறை நழுவிவிடும். நடுநடுவே அடிப்பகுதியைத் தொட்டுப் பாருங்கள். வெளியே எடுக்கும்போது அடியை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். நழுவிவிட்டால், தண்ணீரில்தானே இருந்தோம் என்று அலட்சியமாக இருக்காதீர்கள். ஷவரோ, நீச்சல்குளத்துக் குளோரினோ கருவையும் தடுக்காது, பால்வினைத் தொற்றையும் தடுக்காது. உள்ளே விந்து போயிருந்தால் 1.5 மி.கி. லெவோநார்ஜெஸ்ட்ரல் அவசர மாத்திரையை 72 மணி நேரத்துக்குள், முடிந்தவரை சீக்கிரம் போட வேண்டும். 5 நாளுக்குள் காப்பர்-டி பொருத்திக்கொள்வது இன்னும் உறுதியான வழி. எச்.ஐ.வி. பயம் இருந்தால் தடுப்பு மருந்தையும் 72 மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டும். அரசு மருத்துவமனையின் நம்பிக்கை மையத்தில் கேளுங்கள், அல்லது 1097-ஐ அழையுங்கள்.

அடுத்து சோப்பு. யோனியில் இயல்பாகவே அமிலத்தன்மை உண்டு, பி.எச். அளவு 3.8 முதல் 4.5 வரை. லாக்டோபேசில்லஸ் என்ற நல்ல பாக்டீரியாக்கள்தான் அதைக் காக்கின்றன. குளியல் சோப்பு காரத்தன்மை கொண்டது. நுரையை வழவழப்புக்காகப் பயன்படுத்தினால் அந்தச் சமநிலை குலையும். பிறகு அரிப்பு, திரிந்த தயிர் போன்ற வெள்ளைப்படுதல், அல்லது மீன் வாடை. கிருமிநாசினித் திரவம் ஊற்றிய தண்ணீரும், வாசனை எண்ணெய் கலந்த தொட்டித் தண்ணீரும் அப்படித்தான். முடிந்த பிறகு ஹெல்த் ஃபாசெட்டை உள்ளே பீய்ச்சிக் கழுவும் பழக்கத்தையும் விடுங்கள். வெளிப்புறத்தை வெறும் தண்ணீரால், முன்னிருந்து பின்னாகக் கழுவினால் போதும். ஜக்கூஸி என்ற சுடுநீர்த் தொட்டியில் பீறிடும் ஜெட்டை நேராக உள்ளே படும்படி வைத்தால் கிழிசல் காயம் ஏற்படலாம். கர்ப்பிணிக்கு ஆபத்து இன்னும் பெரிது, அழுத்தத்தோடு உள்ளே போகும் காற்று இரத்தத்தில் கலந்து உயிரையே பறிக்கக்கூடும்.

ரிசார்ட்டில் அறையோடு ஜக்கூஸி இருந்தால், இறங்குவதற்கு முன் கையை விட்டு நீர்மட்டத்துக்குக் கீழே சுவரைத் தடவிப் பாருங்கள். பாசி பிடித்தது போல வழவழவென்று இருந்தால் இறங்காதீர்கள். அது கிருமிகள் கூடுகட்டிய படலம். குளோரின் வாடை மூக்கைத் துளைத்தால் தண்ணீர் ரொம்பச் சுத்தம் என்று நினைக்கிறோம். உண்மையில் குளோரின் வியர்வையோடும் சிறுநீரோடும் கலந்து தீர்ந்துபோகும்போதுதான் அந்த வாடை எழுகிறது. சுடுநீர்த் தொட்டியில் குளோரின் குறைந்தது 3 பி.பி.எம். (பத்து லட்சத்தில் 3 பங்கு), சாதாரணக் குளத்தில் 1 பி.பி.எம். இருக்க வேண்டும், தொட்டியின் வெப்பம் 40 டிகிரி செல்சியஸுக்கு மேல் போகக்கூடாது. கடைசியாக எப்போது சோதித்தார்கள் என்று வரவேற்பறையில் கேட்பதற்குக் கூச்சப்பட வேண்டாம். சூட்டில் குளோரின் சீக்கிரம் தீர்ந்துவிடும், சூடோமோனாஸ் கிருமி பெருகும். குளித்த சில மணி நேரத்திலோ ஓரிரு நாளிலோ நீச்சலுடை மூடிய இடத்தில் சிவந்து அரிக்கும் கொப்புளங்கள் வந்தால் பெரும்பாலும் அதன் வேலைதான். கான்டாக்ட் லென்ஸைக் கழற்றிவிட்டு இறங்குங்கள்.

சூடு இரத்தக்குழாய்களை விரித்து ரத்த அழுத்தத்தை இறக்கும். மதுவும் சேர்ந்தால் தலைசுற்றி மயங்கி மூழ்கும் ஆபத்து நிஜமானது. விறைப்புக்காகச் சில்டெனாஃபில் (வயாகரா) மாத்திரை போட்டவர்கள் சுடுநீர்த் தொட்டியைத் தவிர்க்கட்டும். இதய வலிக்கு நைட்ரேட் எடுப்பவர்கள் அந்த மாத்திரையையே தொடக்கூடாது. கர்ப்பத்தின் முதல் மூன்று மாதங்களில் சுடுநீர்த் தொட்டி வேண்டாம், வெதுவெதுப்பான குளியல் போதும். குழந்தைக்கு முயற்சி செய்யும் ஆண்களும் தள்ளியிருக்கட்டும். ஒரு விந்தணு உருவாக ஏறக்குறைய 74 நாள் ஆகிறது, சூட்டால் குறைந்த எண்ணிக்கை திரும்ப மூன்று மாதம் பிடிக்கலாம்.

வீட்டுக் குளியலறையில் நாங்கள் அதிகம் கவலைப்படுவது கேஸ் கீஸரைப் பற்றித்தான். மூடிய அறை, ஓடிக்கொண்டே இருக்கும் வெந்நீர், வழக்கத்தைவிட நீண்ட நேரம், உள்ளே இரண்டு பேர். கேஸ் முழுதாக எரியாமல் வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாடையும் இல்லை. தலை கனப்பதை உணர்வதற்குள் கால் துவண்டுவிடும். கீஸரும் சிலிண்டரும் குளியலறைக்கு வெளியேதான் இருக்க வேண்டும். உள்ளே இருந்தால், பக்கெட்டுகளை நிரப்பி, கீஸரை அணைத்து, ஜன்னலைத் திறந்து காற்றாட விட்ட பிறகே உள்ளே போங்கள். ஹீட்டர் ராடு போடுபவர்கள் சுவிட்சை அணைத்து, பிளக்கையும் பிடுங்கிய பிறகே தண்ணீரைத் தொடுங்கள்.

ஆறு, அருவி, கடல் வேண்டாம். மணல் சிராய்க்கும், தேங்கிய நீரில் எலிக்காய்ச்சல் கிருமி இருக்கலாம், பொது இடம் என்பதால் சட்டச் சிக்கலும் உண்டு.

எரிச்சல் தெரிந்த நொடியில் நிறுத்துங்கள். கணவர் வருத்தப்படுவாரே என்று பல்லைக் கடித்துக்கொள்ளும் பெண்கள் நிறையப் பேர். "வலிக்கிறதா?" என்று நடுவில் ஒரு வார்த்தை கேளுங்கள். முடிந்ததும் பெண் கட்டாயம் சிறுநீர் கழிக்க வேண்டும். சிறுநீர்க்குழாய் சுமார் 4 செ.மீ. நீளமே என்பதால், உள்ளே தள்ளப்பட்ட ஈ.கோலை கிருமி எளிதில் சிறுநீர்ப்பைக்கு ஏறிவிடும். புதிதாகக் கல்யாணமானவர்களுக்கு அடிக்கடி நீர்க்கடுப்பு வருவதற்கு முக்கியக் காரணம் இதுதான். ஈர உடையை மாற்றி, ஒற்றித் துடைத்து, பருத்தி உள்ளாடை அணியுங்கள், இரண்டு தம்ளர் தண்ணீர் குடியுங்கள். கடுப்பு ஒரு நாளைத் தாண்டினால் கடையில் ஆன்டிபயாடிக் கேட்டு வாங்காமல் சிறுநீர்ப் பரிசோதனைக்குக் கொடுங்கள். குளிர் நடுக்கத்தோடு காய்ச்சலோ விலாப்பக்க வலியோ வந்தால் தொற்று சிறுநீரகம் வரை போயிருக்கலாம். அன்றே மருத்துவரிடம் போய்விடுங்கள்.