டீமேக்கர் மாமாவிடம் விதி வாங்குவது

1980களின் நடுவில் அமெரிக்காவில் கேம்பல் சூப் கம்பனிக்கு ஒரு தலைவலி. அடைத்த சூப் டின்களைக் கிருமி போக வேகவைக்கும் இயந்திரம் பல மாடி உயரம், அது பழுதாகி நின்றால் உள்ளே இருக்கிற டின்களும் போச்சு, அன்றைய வேலையும் போச்சு. அது ஏன் நின்றது என்று பட்டெனச் சொல்லக்கூடியவர் ஆல்டோ சிமினோ. 40 வருசத்துக்கு மேல் அங்கேயே வேலை பார்த்தவர், ஓய்வுக்குப் போகிற வயது வேறு. டெக்சஸ் இன்ஸ்ட்ருமெண்ட்ஸ் ஆட்கள் மாதக்கணக்கில் அவரைப் பிடித்து உட்கார வைத்துக் கேள்வி கேட்டு, "இப்படி இருந்தால் இதைச் செய்" என்கிற மாதிரி 150 விதி வரை எழுதி ஒரு சின்னக் கணினியில் போட்டார்கள். இதைத்தான் எக்ஸ்பர்ட் சிஸ்டம் என்பார்கள்.

இந்தக் கதையை முதலில் படித்தபோது எனக்கு என் மாமா ஞாபகம்தான் வந்தது. இலங்கையில் டிம்புல பக்கம் ஒரு ஸ்டோரில் டீமேக்கர். (வெளியூர் ஆட்களுக்கு: தோட்டத்தில் ஸ்டோர் என்றால் தேயிலைத் தொழிற்சாலை, டீமேக்கர் என்றால் அங்கே கொழுந்தைத் தேயிலையாக்குகிற வேலையைப் பார்த்துக்கொள்பவர்.) நம்ம மலையகத்தில் ஸ்டோருக்கு ஒரு சிமினோ இருக்கிறார், அவரும் இன்னும் சில வருசத்தில் வீட்டுக்குப் போகப் போகிறார், பின்னால் வருகிற பையன் எதையும் எழுதிவைத்துப் படிக்கவில்லை.

சரி, நாமே எழுதிப் பார்ப்போம் என்று நான் மாமாவிடம் போய் உட்கார்ந்தேன். வாட்டத்தை மட்டும் எடுத்துக்கொண்டேன். பறித்து வந்த பச்சைக் கொழுந்தில் முக்கால் பங்குக்கு மேல் தண்ணீர், ட்ரஃப் என்கிற நீளத் தொட்டியில் பரப்பிக் கீழேயிருந்து காற்று விட்டு, இரவெல்லாம் வாட்டி, உருட்டுகிற பதத்துக்குக் கொண்டுவர வேண்டும். குறைவாக வாடினால் ரோலரில் சாறு ஒழுகிப்போகும், அதிகமாக வாடினால் இலை சரியாக முறுக்காது. எப்போது இறக்குவது என்பதுதான் கேள்வி.

"கையில அமுக்கிப் பாத்தா தெரியும்டா."

தெரியும், ஆனால் என்ன தெரியும்? ஒரு கைப்பிடி எடுத்து உருண்டையாக அமுக்கி, கையைத் திறந்தால் உடனே விரிந்து கலைகிறதா, அப்படியே நிற்கிறதா என்று பார்க்கிறார். அது முதல் விதி. அப்புறம் "மழைக் கொழுந்துன்னா அது வேற கதை" என்றார். வேற கதை என்றால்? முதலில் இலைமேல் நிற்கிற தண்ணீரை விரட்டணும், அது போகாமல் வாட்டம் ஆரம்பமே ஆகாது. சூட்டுக் காற்று கலக்கணுமா? "பனி மூடுன ராத்திரியா இருந்தா கலக்கணும்." ஏன்? வெளிக்காற்றே ஈரம் குடித்து நிற்கிறபோது அது இலையிலிருந்து எதை வாங்கும்? அங்கேதான் ஈரக் குமிழ் (நனைந்த திரி சுற்றியது), உலர் குமிழ் (சும்மா இருப்பது) வெப்பமானி ரெண்டும் வருகிறது. ரெண்டுக்கும் வித்தியாசம் குறைந்தால் காற்று வேலை செய்யவில்லை என்று அர்த்தம்.

இப்படி நான் "ஏன், எப்போது, அப்படி இல்லாவிட்டால்" என்று கேட்டுக்கொண்டே போக, ஒரு கட்டத்தில் மாமா கடுப்பாகி, "என்னடா மருமகனே, நான் செய்யறதச் சொல்லச் சொன்னா பரவாயில்ல, ஏன் செய்யறேன்னு கேக்குறியே" என்றார்.

இந்தத் துறையின் பெரிய சிக்கலே அவர் சொன்னதுதான். 1965இல் ஸ்டான்ஃபோர்டில் டென்ட்ரல் என்ற வேலையைத் தொடங்கியவர்களில் ஒருவரான எட்வர்ட் ஃபைகன்பாம், அறிவை ஆளிடமிருந்து வெளியே எடுப்பதுதான் எல்லாம் அடைபடுகிற இடம் என்று பின்னாளில் எழுதினார். டென்ட்ரல் ரசாயனக்காரர்களுக்கானது. மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர் தருகிற அளவுகளை வைத்து மூலக்கூறின் அமைப்பு என்னவாக இருக்கும் என்று ஊகிக்கும். 1970களில் அதே பல்கலைக்கழகத்தில் மைசின் வந்தது, இரத்தத்தில் என்ன கிருமி, எந்த அன்டிபயோட்டிக், எவ்வளவு என்று சொல்வதற்கு. பரிசோதித்ததில் அதன் பரிந்துரைகள் நிபுணர்களுடையதுக்குச் சமமாகவே நின்றன, ஆனாலும் அது வார்டுக்குள் போய் வேலை செய்யவே இல்லை. எனக்கு மைசினில் பிடித்தது வேறு: "ஏன் இதைக் கேட்கிறாய்" என்று டாக்டர் திருப்பிக் கேட்டால், எந்த விதிக்காகக் கேட்கிறது என்று அது சொல்லும். இன்றைக்கு ஏஐ என்று விற்கிற பலவற்றிடம் இந்தக் குணம் இல்லை. எங்கள் பக்கமும் சில கம்பனிகள் கெமரா, சென்சர் என்று வந்து பேசிவிட்டுப் போகின்றன. "இறக்கு" என்று ஒரு பச்சை லைட் எரிந்தால் மாமா அதை நம்பிக் கொழுந்தை இறக்குவாரா? இறக்க மாட்டார், இறக்கவும் கூடாது.

காசு பார்த்த கதையும் உண்டு. டிஜிட்டல் எக்விப்மெண்ட் கம்பனி வாக்ஸ் கணினிகளை வாடிக்கையாளர் கேட்டபடி பாகம் பாகமாகச் சேர்த்து அனுப்பும், ஒரு கேபிள் விட்டுப்போனாலும் ஆர்டர் குழம்பும். அதைச் சரிபார்க்கக் கார்னெகி மெலனின் ஜோன் மெக்டெர்மட் எழுதியது எக்ஸ்கொன், 1980இல் வேலைக்கு வந்தது. ஆனால் புதுப் பாகம் வரவர விதி ஏறி ஆயிரக்கணக்கில் போனது, வருசத்துக்கு ஏறக்குறைய பாதி விதியைத் திருத்த வேண்டியிருந்தது, அதற்கென்றே ஒரு குழு. எழுதி வைத்துவிட்டுப் போகலாம் என்று நினைக்கிறவர்கள் இதை நன்றாகப் படிக்கவும். ஸ்டோரிலும் ட்ரஃப் விசிறியை மாற்றினால் மாமாவின் பாதி விதி மாறும்.

எங்கள் வேலைக்கு இன்னும் கிட்டத்தில் இருப்பது டென்மார்க்கின் எஃப்.எல்.ஸ்மிட் சிமெந்துச் சூளைகளில் செய்தது. சூளை ஓட்டுகிறவர்கள் "கொஞ்சம் சூடு கூட, கொஞ்சம் காற்றைக் குறை" என்று பேசுகிற மாதிரியே விதியை எழுதி, ஃபஸ்ஸி லொஜிக் மூலம் சூளையை ஓட்டினார்கள். "கொஞ்சம்" என்பதற்கு இடம் கொடுக்கிற கணக்கு அது. டீமேக்கர் பேச்சில் பாதி "கொஞ்சம்"தான், ஆகவே நானும் அந்த வழியிலேயே போகலாம் என்றிருக்கிறேன்.

ஆனால் அனுபவஸ்தர் சொன்னால் எல்லாம் சரி என்றும் இல்லை. 1980 வாக்கில் இல்லினோயில் மிஹால்ஸ்கியும் சிலவுஸ்கியும் சோயா நோய்களை வைத்து ஒரு போட்டி போட்டார்கள். நிபுணரிடம் கேட்டு எழுதிய விதிகள் சுமார் 72 வீதம் சரியாகச் சொல்லின, நோய் கண்ட செடிகளின் பதிவுகளிலிருந்து கணினியே கண்டெடுத்த விதிகள் 97க்கு மேல். அதனால் தேயிலையின் கொப்புள நோய்க்கு யாராவது விதி எழுத வந்தால் (1946இல் இலங்கைக்கு வந்து இன்னும் விட்டபாடில்லை, வெயில் குறைந்து இலை நனைந்தே கிடந்தால் அதற்குக் கொண்டாட்டம்) தலவாக்கலை தேயிலை ஆராய்ச்சி நிலையத்தில் இருக்கும் பதிவுகளிலிருந்துதான் தொடங்கச் சொல்வேன். மாமாவிடம் கேட்டால் மருந்து அடிக்கச் சொல்வார், எல்லா நாளும்.

இந்த மலையில் எல்லோரையும் தொடுகிற விதி ஒன்று ஏற்கெனவே இருக்கிறது. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு எச்சரிக்கை: 24 மணி நேரத்தில் மழை 75 மில்லிமீட்டர் தாண்டினால் விழிப்பு, 100 தாண்டினால் எச்சரிக்கை, 150 தாண்டினாலோ ஒரே மணி நேரத்தில் 75 கொட்டினாலோ வெளியேறு. அத்தோடு நிலத்தில் வெடிப்பு, சாய்ந்த மரம், திடீரெனக் கலங்கி வருகிற ஊற்று. இந்த அடையாளங்களை முதலில் பார்ப்பது லயத்தில் (தோட்டத்து வரிசை வீடுகளில்) இருக்கிற ஆட்கள், கொழுந்து எடுக்கிற பெண்கள். "வல்லுநர்" என்று கேட்டால் அவர்களை யாரும் கூப்பிட்டு உட்கார வைப்பதில்லை. விதியின் "இருந்தால்" பக்கம் இப்படிச் சுத்தமாக இருந்தாலும், "செய்" பக்கத்தில் "வெளியேறு" என்று இருக்கிறதே, எங்கே? 2014 ஒக்டோபர் 29, கொஸ்லந்தை மீரியாபெத்தை மண்சரிவு. ஆபத்தான இடம் என்று முன்பே சொல்லப்பட்டிருந்த இடம்தான், மக்களுக்குப் போக வேறு வீடு இருக்கவில்லை. எந்த நிரலும் இந்த இடத்தை நிரப்பாது, காணியும் வீடும்தான் நிரப்பும்.

வாட்டத்துக்குத் திரும்பினால், என் விதிகளை இப்போது ஒரு எக்செல் தாளில் ஓட்டிப் பார்க்கிறேன், ராத்திரி டியூட்டிப் பையன் ஃபோனில் அளவுகளை அனுப்புகிறான். ஒரு இரவு முழுக்கச் "சூட்டுக் காற்று வேண்டாம்" என்றே பதில் வந்தது, வெளியே முகம் தெரியாத பனி. போய்ப் பார்த்தால் ஈரக் குமிழின் திரி காய்ந்து கிடந்தது, ரெண்டு வெப்பமானியும் உலர் குமிழாகவே வேலை செய்திருக்கின்றன. அப்படியானால் வித்தியாசம் இல்லை என்றுதானே வரணும், சூட்டைக் கேட்டிருக்கணுமே என்று கேட்பீர்கள். பையன் அந்த அளவைப் பார்த்து இது பிழை என்று நினைத்து, முந்தின நாள் அளவைப் போட்டு அனுப்பியிருக்கிறான். ஆகவே இப்போது முதல் விதி: திரி நனைந்திருக்கிறதா? பதில் வராவிட்டால் தாள் அடுத்த வரிக்கே போகாது.

ஊவாப் பக்கம், பண்டாரவளை, அப்புத்தளை ஸ்டோர்களில் வேலை செய்கிறவர்கள் யாராவது இதைப் படித்தால் ஒரு உதவி. ஆடி, ஆவணியில் கச்சான் காற்று காய்ந்து அடிக்கிறபோது நீங்கள் விசிறியை எப்போது நிறுத்துகிறீர்கள், எதைப் பார்த்து? மாமாவுக்கு அந்தக் காற்றில் பழக்கமில்லை, அந்த வரி தாளில் இன்னும் வெறுமையாகத்தான் இருக்கிறது.