பொட்டாசியம் 6.9: ஊதா மூடிக் குழாய் செய்த கூத்து

அப்பா சர்க்கரைக்காரர். பிரஷருக்கு டெல்மிசார்ட்டனும் ஹைட்ரோகுளோரோதயசைடும் சேர்ந்த மாத்திரை, வயிற்றுக்குப் பல வருடமாக பான்டோபிரசோல். படபடப்பு என்றதும் டாக்டர் எலக்ட்ரோலைட், மக்னீசியம், கால்சியம் எல்லாம் எழுதினார்.

முதல் லேபில் "எலக்ட்ரோலைட்லயே எல்லாம் வந்துடும் சார்" என்றார்கள். வராது. அதில் சோடியம், பொட்டாசியம், குளோரைடு. சில இடங்களில் பைகார்பனேட். அவ்வளவுதான். அழுத்திக் கேட்டபோதுதான் அங்கே மக்னீசியம் பார்ப்பதே இல்லை என்று தெரிந்தது. ஒரு நடை வீண். பில்லில் மக்னீசியம் என்று தனியாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கையை நீட்டுங்கள்.

இரண்டாவது லேபில் பொட்டாசியம் 6.9 என்று வந்தது. லிட்டருக்கு 3.5 முதல் 5.1 மில்லிமோல் வரை இருக்க வேண்டியது. டெல்மிசார்ட்டன் பொட்டாசியத்தை ஏற்றக்கூடிய மருந்து என்பதால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. நேராக அவசரப் பிரிவு. போனதில் தப்பில்லை. 6-க்கு மேல் போனால் ரிப்போர்ட் சரியா தப்பா என்று வீட்டில் பட்டிமன்றம் நடத்தக் கூடாது, முதலில் இ.சி.ஜி. பொட்டாசியம் ஏறினால் அதில் டி அலை என்ற மேடு கூர்மையாக எழும்பும்; அப்பாவுக்கு எழும்பவில்லை. அதை மட்டும் நம்பாமல் மறுபடி ரத்தம் எடுத்தார்கள்: 4.4.

குட்டு அந்த 6.9 ரிப்போர்ட்டிலேயே இருந்தது. கால்சியம் 6.1, மக்னீசியம் 1.0, அல்கலைன் பாஸ்பேட்டேஸ் என்ற என்சைமும் சேர்ந்து மூன்றும் தரையில். ரத்த அணுக்கள் எண்ணும் ஊதா மூடிக் குழாயில் இருப்பது பொட்டாசியம் இ.டி.டி.ஏ., ரத்தம் உறையாமல் தடுக்கும் ரசாயனம். அது கொஞ்சம், சீரம் (ரத்தம் உறைந்தபின் பிரியும் தெளிந்த நீர்) எடுக்கும் குழாய்க்குள் போனால் பொட்டாசியம் ஏறும். கால்சியத்தையும் மக்னீசியத்தையும் அது கவ்விக்கொள்வதால் அவை இறங்கும். ஊதாவை முதலில் நிரப்பினாலோ, ஒரு குழாயிலிருந்து இன்னொன்றில் ஊற்றினாலோ இதுதான் கதி. சிவப்பு அல்லது மஞ்சள் மூடி முதலில், ஊதா பிறகு.

லேபில் கேட்டால், "அளவு ஏறி இறங்கத்தான் செய்யும்." கால்சியம் வரியை விரலால் காட்டிய பிறகு உள்ளே போய்ப் பேசிவிட்டு வந்தார்கள், மறு பரிசோதனைக்குப் பணம் வாங்கவில்லை.

எடுத்த ரத்தத்தில் அணுக்கள் உடைந்திருந்தால் பொட்டாசியமும் மக்னீசியமும் சேர்ந்தே ஏறும். இங்கே ஒன்று ஏறி மற்றது இறங்கியதுதான் துப்பு. கையில் கட்டுப் போட்டுவிட்டு "விரல்களை மூடி மூடித் திறங்க" என்பார்கள். செய்யாதீர்கள், அதற்கே பொட்டாசியம் ஏறும். வீட்டுக்கு வந்து எடுப்பவர் சீரத்தைப் பிரிக்காத ரத்தத்தை ஐஸ் பெட்டியில் வைத்தாலும் அப்படித்தான்: குளிரில் அணுக்களின் பம்ப் நின்று பொட்டாசியம் கசியும்.

சரியான மாதிரியிலும் மக்னீசியம் டெசிலிட்டருக்கு 1.5 மில்லிகிராம்தான், 1.7-க்குக் குறையக் கூடாது. தயசைடு அதைச் சிறுநீரில் விரட்டும், பான்டோபிரசோல் வகை குடலில் உறிஞ்ச விடாது, கட்டுப்படாத சர்க்கரையும் சிறுநீர் வழியே இழக்கச் செய்யும். மக்னீசியம் குறைந்தால் இன்சுலின் சரியாக வேலை செய்யாது, இதயத் துடிப்பும் தடுமாறலாம். உடம்பிலுள்ளதில் ஒரு சதவீதத்துக்கும் குறைவே சீரத்தில் இருப்பதால், அளவு 'நார்மல்' என்று வந்தாலும் உள்ளே பற்றாக்குறை இருக்கலாம்.

டாக்டர் பான்டோபிரசோலை நிறுத்தி, சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியாட்டினின் பார்த்த பிறகே மக்னீசியம் மாத்திரை எழுதினார். சிறுநீரகம் பழுதானவர்களுக்கு அது உடம்பில் தங்கிவிடும். கடையில் நீங்களாக வாங்காதீர்கள்.