பெலித்தோங் டெக்டைட்: அடர்த்தி 2.43!

டெக்டைட் கிடைத்துவிட்டது: விண்கல் மோதியதில் உருகித் தெறித்த இயற்கைக் கண்ணாடி. கடையில் வாங்கியது இல்லை, நானே பொறுக்கியது. இந்தோனேசியாவின் பெலித்தோங் தீவில், பழைய வெள்ளீயச் சுரங்கத்து வெள்ளை மணல்மேட்டில், நிலத்துக்காரரிடம் கேட்டுக்கொண்டு இறங்கினோம். நல்ல மழை பெய்த மறுநாள் போவதுதான் சரி. மணல் கரைந்தோடி, கறுப்பாக இருப்பதெல்லாம் தலையை நீட்டிக்கொண்டு நிற்கும். அந்த ஊரார் இதை பத்து சாத்தாம் என்பார்கள். தீவின் பெரிய ஊரான தஞ்சோங் பாண்டான் நடுச்சந்தியில் இதற்குச் சின்னமே எழுப்பியிருக்கிறார்கள்.

இளம் எரிமலை எதுவும் இல்லாத கருங்கல் தீவு என்பதால் அப்சிடியன் எனும் எரிமலைக் கண்ணாடியோ என்ற பயம் குறைவு. வெள்ளீயம் உருக்கிய கசடுதான் ஆளை ஏமாற்றும். என் கல்லில் புழு அரித்ததுபோல் வளைந்து வளைந்து ஓடும் பள்ளங்கள். மெல்லிய ஓரத்தில் டார்ச் அடித்தால் தேன் பழுப்பு. காந்தம் ஒட்டவில்லை. இருந்தாலும் அடர்த்தி பார்க்காமல் மனசு ஆறாது.

வீட்டு எடைபோடும் முறை இது. தராசின் மேல் தண்ணீர்க் குவளையை வைத்து, சுழியமாக்கி, கல்லை அடி தொடாமல் தொங்கவிட வேண்டும். தராசு காட்டும் கிராம்தான் கன சென்டிமீட்டரில் கல்லின் கன அளவு; உலர்ந்த எடையை அதால் வகுத்தால் அடர்த்தி. தையல் நூல் வேண்டாம், தண்ணீரை உறிஞ்சும். மெல்லிய தூண்டில் நரம்பு போதும். மின்விசிறியை அணைத்துவிடுங்கள், கடைசி இலக்கம் ஆடிக்கொண்டே இருக்கும். பெரிய எதிரி பள்ளங்களில் ஒட்டும் காற்றுக் குமிழி. குமிழியோடு நிறுத்தால் 13.20 கிராம், அதாவது அடர்த்தி 2.37. கொதித்து ஆறிய தண்ணீரில் ஒரு சொட்டு பாத்திரச் சோப்பு விட்டு, பல் தூரிகையால் நீருக்குள்ளேயே தேய்த்த பிறகு 12.90. உலர்ந்த எடை 31.42. நம்மூர் வெப்பத்தில் தண்ணீரின் அடர்த்தி 0.996 என்பதையும் சேர்த்தால் 2.43. டெக்டைட்டுக்குக் கச்சிதம்! கசடு இவ்வளவு லேசாக இருக்காது.

0.01 கிராம் வரை காட்டும் தராசு சிங்கப்பூர் சிம் லிம் டவரில் கிடைக்கும். இணையத்தில் விற்கும் கற்களில் போலியைக் காட்டிக்கொடுக்கும் அச்சு வார்த்த கோடு இருக்கிறதா என்று ஓரத்தைத் தடவிப் பாருங்கள்.

சுமார் 7.9 லட்சம் ஆண்டுகளுக்கு முன் இதைத் தெறிக்கவிட்ட விண்கல் மோதிய பள்ளம் லாவோஸின் பொலவென் மேட்டுநிலத்து எரிமலைப் பாறைக்கு அடியில் இருக்கலாம் என்கிறது 2020இல் வந்த நன்யாங் பல்கலைக்கழகக் குழுவின் ஆய்வு. அடுத்து அந்தப் பக்கம்தான்: வடகிழக்குத் தாய்லாந்தில், அடுக்கடுக்கான முவாங் நோங் வகை டெக்டைட்டைத் தேடப்போகிறேன். இந்தக் கல்லின் ஒளிவிலகல் எண் இன்னும் பாக்கி; அதை அளக்க ஒரு முகத்தைத் தட்டையாகத் தேய்க்க எனக்கு மனசு வரவில்லை.